கீழே வைத்த கத்தி

சவரக்கத்தி தொண்டைக்குழியில் வந்து நின்ற நேரம் பார்த்துத்தான் தவசிலிங்கத்துக்குத் தன் பேனாக்கத்தி ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, தொடைக்குத்தான் முதலில் தெரிந்தது. வலது பக்கப் பையில், சாவிக்கும் கைக்குட்டைக்கும் நடுவே குறுக்காகக் கிடந்து, உட்காரும்போதெல்லாம் லேசாக அழுத்துகிற சாமான் அது. இத்தனை வருசத்தில் அழுத்துவதே தெரியாமல் போய்விட்டது, இப்போது அழுத்தாததுதான் தெரிகிறது. அழகுமலை சலூனின் பழைய சுழல் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, மூஞ்சி முழுக்க நுரையோடு, மோவாயைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிற மனுசன் என்ன செய்வான்? துணிக்கு அடியில் கையை மெதுவாக நகர்த்தினார். சாவி இருந்தது. கைக்குட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட இருமல் மிட்டாய் ஒன்று பிசுபிசுத்துக்கொண்டு இருந்தது. கத்தி இல்லை. "ஆடாதீங்கண்ணே," என்றான் அழகுமலை, "கழுத்துல வச்சிருக்கேன், கத்தரிக்கா நறுக்கல." சரிப்பா என்று சொல்ல வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். தவசிலிங்கம் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். இடது பையில் இருக்கும். இடது பையில் வைக்கிற பழக்கமே கிடையாது, இருந்தாலும் இருக்கும், மனுசன் ஒருநாளைக்கு மாற்றி வைக்க மாட்டானா? இடது கை நகர்ந்தது. இடது பையில் பர்ஸ், அவ்வளவுதான்.

அப்ப டூல் பேக்கில் கிடக்கும். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டியின் பக்கப் பெட்டியில் டூல் பேக், டூல் பேக்குக்குள் கத்தி, விசயம் முடிந்தது, நிம்மதியாகச் சவரம் பண்ணிக்கொள். ஆனால் மனசு அப்படிச் சொன்னால் கேட்கிற ஜாதியா? டூல் பேக்கில் போடுகிற கத்தியா அது? ஸ்பேனரோடும் திருப்புளியோடும் போட்டு இடிபட விட்டதே இல்லையே. கத்தி ஒன்றும் பெரிய கத்தியில்லை. விரித்தால் ஒரு சாண் வராது, மடக்கினால் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். கறுப்புக் கைப்பிடி, ஒரே அலகு, ஒரே திருகு, பீற்றிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. பிளாட்பாரத்தில் விரித்து வைத்து விற்றவன் ஃபாரின் சாமான் என்றான், எந்த நாடு என்று கேட்டதற்கும் ஃபாரின் என்றே சொன்னான். எந்த நாடாக இருந்தால் என்ன, பெற்ற தாய் நல்லவள். வயர்த் தோலை உரித்தது, பார்சலைப் பிரித்தது, பஸ்ஸில் கொய்யாப்பழம் நறுக்கியது, மூத்த மகளின் கல்யாணப் பட்டில் தொங்கின விலைச்சீட்டை அறுத்தது, ஒருதரம் ரோட்டோரம் கழுத்துக் கயிறு இறுகி நாக்குத் தள்ளிக் கிடந்த ஆட்டை அறுக்காமல் கயிற்றை அறுத்துக் காப்பாற்றியது. இத்தனைக்கும் அது கேட்டது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சோப்புத் தண்ணீர், துடைக்க ஒரு துணி, மடங்குகிற இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கூர் போனால் பீங்கான் டம்ளரைக் கவிழ்த்து அடி விளிம்பின் சொரசொரப்பில் நாலு இழுப்பு. "எனக்கு ஒருநா முதுகு தேச்சு விட்டிருக்கீகளா? கத்திக்கு மட்டும் எண்ணெக் குளியல்," என்பாள் வீட்டுக்காரி பஞ்சவர்ணம். துடைத்து மடக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. வெட்டினால் வேட்டியிலோ பேன்ட்டிலோ ஒரு துடைப்பு, ஒரு டக், பிறகு பை. இன்றைக்கு அந்த டக் கேட்டதா?

யோசிடா தவசி. கடைசியாக எங்கே பார்த்தாய்? காலையில், ரிப்பேருக்குப் போன அப்பார்ட்மென்ட்டில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல். அவரும் சோணைமுத்துவும் நின்றார்கள். சோணைமுத்து பஞ்சவர்ணத்தின் தம்பி, ஒரே கம்பெனியில் ரெண்டு பேருக்கும் லிஃப்ட் மெக்கானிக் உத்தியோகம். பெட்டிக்குள் ஏறிக் கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிறவர்களுக்குத் தெரியாது, பெட்டிக்கு மேலே ஓர் ஆள் நிற்கிற இடம் இருக்கிறது என்று. இருட்டு, கிரீஸ் வாடை, மேலே போகிற கம்பிக் கயிறுகள், சுற்றி நாலு பக்கமும் கீழே இறங்குகிற பள்ளம். கதவுக்குப் போகிற வயரை எலி கடித்து வைத்திருந்தது. புது வயர் இழுத்துக் கட்டியாயிற்று, கட்டின பிளாஸ்டிக் டேக்கின் வாலை நறுக்க வேண்டும். "மச்சான், கத்தி," என்றான் சோணைமுத்து. அவர் எடுத்து விரித்து, அவன் நீட்டின கையில் கொடுக்காமல், பெட்டியின் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தார். அவன் அதிலிருந்து எடுத்தான், நறுக்கினான், அவர் கையில் கொடுக்காமல் அதே சட்டத்தின் மேல் வைத்தான். "வச்சுட்டேன் மச்சான்." "சரி மாப்ள." அந்தச் சரி மாப்ள நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு? அந்நேரம் பார்த்து அசோசியேஷன் செக்ரட்டரி திறந்திருந்த கதவு வழியே தலையை நீட்டி, இன்னும் எவ்வளவு நேரம் சார், ஜனங்க என்னைத் திட்டுறாங்க சார் என்று ஆரம்பித்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தவசிலிங்கம் வெளியே இறங்கினார். சரி என்று சொன்னது வாய்தான். கை எதையும் எடுக்கவில்லை.

எடுக்கவில்லை. தெரிந்துவிட்டது. சோப்பு நுரைக்கு அடியில் வேர்த்தது. "என்னண்ணே, ஃபேனைக் கூட்டவா?" என்றான் அழகுமலை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு சுற்றுக்கு ஒரு முனகல், இதோ இப்போது அந்தப் பெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒவ்வொரு நிற்கலுக்கும் ஒரு சின்ன உதறல், ஒவ்வொரு உதறலுக்கும் அந்தச் சட்டத்தின் மேல் விரித்த வாக்கில் கிடக்கிற கத்தி ஒரு நூல் நகரும். விளிம்பு வரைக்கும் நகர எவ்வளவு நேரம் ஆகும்? அவரும் சோணைமுத்துவும் மேலே கீழே ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, உடனே ஆகாது. பெட்டி விழாது, அது வேறு விசயம், கயிறே அறுந்தாலும் பெட்டி விழாது, கவ்விப் பிடிக்க ஏற்பாடு இருக்கிறது, இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், எத்தனை பயந்தாங்கொள்ளிகளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருப்பார். விழாது. ஆனால் கத்தி விழும். விழுந்து பெட்டி ஓடுகிற இரும்புப் பாதைக்குள் செருகினால் பெட்டி அப்படியே நடுவில் கவ்விக்கொண்டு நிற்கும். கதவை இழுக்கிற பெல்ட்டில் போய்ச் சிக்கினால் கதவு திறக்காது. உள்ளே இருக்கிற ஆள் உள்ளேயே. யாரும் சாக மாட்டார்கள், சும்மா கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று சொல்ல முடியாதபடிக்கு அந்த ஆறாவது மாடிப் பிள்ளை வந்து கண்ணுக்குள் நின்றது.

நிறைமாசம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து படியேறிக்கொண்டிருக்கிறது பாவம், மாடிக்கு மாடி ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு வைத்திருந்தார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து ஏற. மதியம் இவர்கள் வேலை முடித்துக் கை கழுவும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டது. "அண்ணே, சாயங்காலம் செக்கப்புக்குப் போகணும், இதுல நம்பி ஏறலாமா? நடுவுல நின்னுராதுல்ல? எனக்கு அடைச்ச எடம்னாலே மூச்சு முட்டும்ணே." அதற்கு இந்தப் பெரிய மனுசன் சொன்ன பதில் என்ன? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னைய நம்பி ஏறு தாயி." லிஃப்டை நம்பி ஏறு என்றாவது சொல்லியிருக்கலாம். என்னைய நம்பி ஏறு. அந்தப் பிள்ளை சிரித்தது, சிரிக்கும்போது மேல் வரிசையில் ஒரு பல் ஏறினாற்போல இருந்தது, மூத்தவளுக்கும் அப்படி ஒரு பல் உண்டு. இப்போது மணி என்ன? கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிகிற கடிகாரத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. வெயில் சாய்ந்து சலூன் படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. சாயங்காலம் என்றால் இதுதானே சாயங்காலம்.

சோணைமுத்துவுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. கத்தியை நீ எடுத்தியா மாப்ள, அவ்வளவுதான் கேள்வி. எடுத்தேன் என்றால் எல்லாம் தீர்ந்தது, எடுக்கலை என்றால் ஓட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட முடியுமா? போன தடவை, என் டெஸ்டரை எடுத்தியாடா என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, "அப்ப நான் களவாணியா மச்சான்?" என்று திரும்பினவன் வாரக் கணக்கில் முகம் கொடுக்கவில்லை. அவனைச் சொல்லி என்ன செய்ய, அவனுக்குள் அந்தப் பழைய புண் இன்னும் ஆறவில்லை. மூத்தவள் கல்யாணத்தில் வந்த வினை. வாசலில் வாழைமரம் கட்டும்போது ஏணியில் நின்றவன் கத்தி கேட்டான், அவசரத்தில் இவர் விரித்த கத்தியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். கீழே நின்ற ஒரு சித்தி, "அடியாத்தீ, கத்தியக் கைக்குக் கை குடுக்கிறாகளே, சண்ட வருமே!" என்று மாரில் கை வைத்தாள். யாரும் சட்டை பண்ணவில்லை. பொழுது சாய்வதற்குள் மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு எழும்பியது. அதில் ஊரெல்லாம் சிரிக்கிறது, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி மட்டும்தான் பாக்கி, தாய்மாமன் சோணைமுத்துவின் படம் மட்டும் கீழ் மூலையில் தபால் தலை அளவுக்கு. போதாக்குறைக்கு அந்த மூலைக்கு நேராக ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். "தாய்மாமன் நானு, என்னைய ஜெனரேட்டருக்குப் பின்னாடி வச்சுட்டீங்கல்ல?" ஒரு வார்த்தை இவர் சொல்ல, ஒன்பது வார்த்தை அவன் சொல்ல, சீர்த்தட்டை வைத்த கையோடு குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டான். தப்பு ஃபிளெக்ஸ் அடித்தவனுடையது, பழி கத்தி மேல். "கையில குடுத்தீகளா இல்லியா?" என்று பஞ்சவர்ணம் இன்றுவரை கேட்கிறாள். ரெண்டு தீபாவளிக்கு அவள் பிறந்த வீட்டுச் சேலை வராமல், யாரிடமும் சொல்லாமல், அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சியது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் கம்பெனிக்காரன் புண்ணியவான், ஒரே லிஃப்ட் வேலையில் ரெண்டு பேரையும் ஏற்றிவிட்டான். பேசாமல் எத்தனை நாளைக்கு வேலை பார்க்க முடியும்? பதினாலு நம்பர் ஸ்பேனர் என்றான் சோணைமுத்து ஒருநாள், காற்றைப் பார்த்து. ஸ்பேனர் போனது. பிறகு திருப்புளி போனது, பிறகு டீ போனது, ஒருநாள் மச்சான் என்ற வார்த்தையும் வந்தது, தவசிலிங்கம் இருட்டுக்குள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு கட்டு. கத்தியை மட்டும் கைக்குக் கை கொடுப்பதில்லை. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக வந்த கட்டு. வைக்கிறது, எடுக்கிறது. நாளைக் காலையில் சோணைமுத்து கட்டின புது வீட்டுக்குப் பால் காய்ச்சு, அதற்குத்தான் இந்தச் சவரமே. பஞ்சவர்ணம் முதல் ஆளாகப் போய்ப் பானையை ஏற்ற வேண்டும், அக்கா நீ வந்துதான் அடுப்பு பத்தவைக்கணும் என்று அவனே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவள் நாலு நாளாகத் தூங்குகிறாளா என்பதே தெரியவில்லை, பீரோவைத் திறப்பதும் சேலையை மாற்றி மாற்றி வைப்பதுமாக இருக்கிறாள். இந்த நேரத்தில் போனைப் போட்டு, கத்தியை எடுத்தியா என்று கேட்கவா? கேட்காமல் இருக்கவா? கேட்டால் அவன் சுருக்கென்று ஆவான். கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை. சண்டை வரக்கூடாது என்று கீழே வைத்ததுதானே இப்போது இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. கையில் கொடுத்திருந்தால் கையில் இருந்திருக்கும். என்ன கூத்து இது?

அழகுமலை ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியிலிருந்த பாதி பிளேடை உருவி டப்பாவில் போட்டான். புதுப் பாதியைச் செருகினான். அவனுக்கென்ன, ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, தொலைந்தது தெரிய வேண்டியதே இல்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் காயில் கருகின கதையை அவன் சொல்லிக்கொண்டிருந்தான், தண்ணீர் ஏறவில்லையாம், மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனானாம், போன கையோடு புகைந்துவிட்டதாம். "இந்த மெக்கானிக்குகளை நம்பவே கூடாதுண்ணே," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்களைச் சொல்லலண்ணே, நீங்க லிஃப்ட்டு," என்றான். இதற்குமேல் தாங்காது. தவசிலிங்கம் துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இருப்பா. ஒரு போன்." களவாணி என்று நினைத்தால் நினைக்கட்டும், நாளைக்கு வாசலில் நின்று காலில் விழுந்துகொள்ளலாம், வயிற்றுப் பிள்ளைக்காரி காலில் எப்படி விழுவது? சோணைமுத்துவின் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. கோபமா? இன்னும் கேட்கவே இல்லையே, அதற்குள் என்ன கோபம்? அடுத்து அந்த அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் பெரியவர் நம்பர். அது உடனே எடுத்தது.

"ஐயா, லிஃப்ட் தவசி பேசுறேன். லிஃப்ட்டு ஓடுதா?"

"எங்கிட்டு ஓடுது தம்பி, நின்னுபோச்சுன்னுதேன் சொல்றாக. நான் இப்பத்தேன் டீக்கடையில இருந்து வாரேன். அந்தப் பிள்ளத்தாச்சிப் பிள்ள வேற…"

"வேற? அந்தப் பிள்ள எங்க? உள்ளயா?"

பெரியவர் என்னமோ சொன்னார், ஒரு லாரி ஹாரன் குறுக்கே வந்தது, லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் பிஸி.

நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார், எப்படி வாசலுக்கு வந்தார் என்பதெல்லாம் பிறகு அழகுமலை சொல்லித்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டாக ஒரு பெட்டி, உள்ளே மூச்சு முட்டுகிற ஒரு பிள்ளை, என்னைய நம்பி ஏறு தாயி என்கிற தன் குரல். ஐயா சாமி, கத்தி போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, மடப்புரத்துக் காளிக்குக் கிடாய் வெட்டுகிறேன், இல்லை, வெட்டுகிற பேச்சே வேண்டாம், பொங்கல் வைக்கிறேன், முடி இறக்குகிறேன். வண்டிச் சாவியைப் பையில் தேடிக்கொண்டே ரோட்டில் ஓடினார். ஒரு கன்னம் மழுமழு, ஒரு கன்னம் நுரை, கழுத்தில் கட்டின வெள்ளைத் துணி பின்னால் பறக்கிறது. அதற்குப் பின்னால் அழகுமலை, "அண்ணே துணி! துணியோட ஓடுறீங்கண்ணே!" என்று கத்திக்கொண்டு, கையில் விரித்த சவரக்கத்தியோடு. எதிரே வந்த சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். பழக்கடை ஆச்சி தராசைத் தூக்கிக்கொண்டாள். அந்நேரம்தான் வேப்பமரத்தடியில் ஒரு வண்டி கிரீச்சென்று வந்து நின்றது. வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓர் ஆள் நடுவில் பாய்ந்தான். "யோவ்! எங்க மச்சானை என்னய்யா பண்ற?" சோணைமுத்து. அழகுமலையின் கழுத்துப்பட்டி அவன் பிடியில். "ஐயோ, சேவிங் பண்றேன் சாமி, சேவிங்!" என்றான் அழகுமலை.

"மாப்ள, அந்தப் பிள்ள," என்றார் தவசிலிங்கம்.

"எந்தப் பிள்ள? ஆறாவது மாடியா? அது ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு மச்சான். நான்தான் கூட எறங்கி ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டேன்."

"லிஃப்ட்டு நின்னுபோச்சுன்னு…"

"நான்தான் நிப்பாட்டுனேன்." சோணைமுத்து அழகுமலையை விட்டுவிட்டு, அவன் சட்டையை நீவியும் விட்டான். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து வேஸ்ட் துணியில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்தான். "டீ குடிக்கும்போது பொறி தட்டுச்சு மச்சான். வச்சுட்டேன்னு சொன்னேன், நீங்க சரின்னீங்க. ஆனா நீங்க தொடச்சு மடக்குனா டக்குனு ஒரு சத்தம் கேக்கும்ல? அது கேக்கவே இல்ல. அப்படியே வண்டியத் திருப்பிட்டேன். போறேன், அந்தப் பிள்ள பட்டன அமுக்கிட்டு நிக்குது. சித்த பொறு தாயின்னு சொல்லி ஒக்கார வச்சு, மேல போயி நிப்பாட்டி, எறங்கி எடுத்தேன். விளிம்புலதான் இருந்துச்சு. திரும்ப ஓட்டிப் பாத்துட்டு, பயந்துச்சுன்னு நானும் கூடவே உள்ள ஏறி வந்தேன். அதுக்குத் தெரியாது, சும்மா செக்கிங்னு சொல்லிட்டேன்."

தவசிலிங்கம் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போயிற்று, போனதும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது, நிறைந்தால் நிறையட்டும், நுரை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். விழவில்லை. யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை ஆட்டோவில் ஏறி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு போயிருக்கும். தாயே, நல்லா இரு. இந்த ரோடு, இந்த வெயில், தராசை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிற பழக்கடை ஆச்சி, எல்லாமே அவருக்கு ரொம்ப நல்லவையாகத் தெரிந்தன. "ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லடா," என்றார், "உசிரு போயிருச்சு எனக்கு."

சோணைமுத்து குனிந்து வண்டியை நிமிர்த்தினான். "போட்டுச் சொன்னா, கத்திய மறந்து வச்சுட்டீங்கன்னு சொல்லணும். குத்தம் சொல்றான் பாருன்னு நெனச்சுட்டீங்கன்னா? நாளைக்கு அக்கா வரணும்ல மச்சான். அதான், சத்தமில்லாம எடுத்துக் குடுத்துருவோம்னு… நீங்க போட்ட போன் வண்டி ஓட்டுன சத்தத்துல கேக்கல." ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, "நீங்க எதுக்குப் போட்டீங்க?" என்றான்.

"சும்மாதான் மாப்ள," என்றார் தவசிலிங்கம். இந்த ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் நட்டமில்லை. ரெண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்கள், வேறென்ன.

சோணைமுத்து துணியைப் பிரித்தான். துடைத்து, மடக்கி, எண்ணெய்கூட ஒரு சொட்டு விட்டிருந்தான், கைப்பிடி பளபளத்தது. வைக்க இடம் தேடினான். வண்டி சீட்டைப் பார்த்தான், அது சாய்வாக இருந்தது. மரத்தடித் திண்டைப் பார்த்தான், அதில் காக்கை எச்சம். சலூன் படியைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தான். "எங்க மாப்ள போற?" என்றார் தவசிலிங்கம். துணிக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து, விரித்து நீட்டினார். "இங்க குடு."

"மச்சான், கைக்குக் கை…"

"கீழ வச்சுத்தான் இந்தப் பாடு. குடுறா."

சோணைமுத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தான், பெரிய திருட்டுக் காரியம் பண்ணப்போகிறவன் மாதிரி. பிறகு கத்தியை அவர் உள்ளங்கையில் வைத்தான், வைத்த கையை உடனே எடுக்கவுமில்லை. அழகுமலை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், அவனுக்கும் ஒரு சித்தி இருந்திருப்பாள். ஒன்றும் ஆகவில்லை. வானம் இருந்த இடத்தில் இருந்தது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மச்சான்," என்றான் சோணைமுத்து மெதுவாக.

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தபோது நுரை காய்ந்து இழுத்தது. அழகுமலை முணுமுணுத்துக்கொண்டே புதிதாகத் தடவினான். நாளைக்குப் பால் காய்ச்சுகிற வீட்டுக்காரன் இந்தத் தாடியோடா நிற்பாய் என்று தவசிலிங்கம் போட்ட அதட்டலில் சோணைமுத்துவும் பக்கத்து நாற்காலியில் துணி கட்டி உட்கார்ந்துவிட்டான். ஃபேன் முனகியது. கண்ணாடிக்குள் ரெண்டு நுரை மூஞ்சி. அப்போது போன் அடித்தது, பஞ்சவர்ணம். தவசிலிங்கம் நுரை படாமல் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார், அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது. "என்னங்க, தம்பி போன் பண்ணி மச்சான் எங்கன்னு பதறிப்போயிக் கேட்டான். என்ன விசயம்? ரெண்டு பேருக்கும் மறுபடி ஏதும் ஆகிப்போச்சா? நாளைக்கு அடுப்பு பத்தவைக்கப் போகணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

"வெள்ளனாவே போகணும்," என்றார் தவசிலிங்கம். "பானைய எடுத்து வை." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு மோவாயைத் தூக்கினார். அழகுமலையின் கத்தி கழுத்துக்கு வந்தது. வலது பையில், சாவிக்கும் கைக்குட்டைக்கும் நடுவே, அவர் கத்தி குறுக்காகக் கிடந்து தொடையை அழுத்தியது. அவர் ஆடவே இல்லை.